பூமுடியா, முழு முடியா?

நாலு வருஷத்துக்கு முந்தி, வைகாசி முடிந்து ஆனி பிறக்கிற சமயத்தில் நடந்தது இது. எங்களுக்குப் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற ரோட்டில் ஒரு சின்னக் கிராமம். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் டிரைவராக இருக்கிறார், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். எங்களுக்கு ஒரே மகள்.

அந்த வருஷம் அவள் உள்ளூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்துவிட்டு, ஆறாவதுக்கு டவுனில் உள்ள பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். எங்கள் தெருவில் அவள் வயசுப் பிள்ளைகள் யாரும் அங்கே சேரவில்லை. எதிர்வீட்டுப் பெண் அங்கே ஒன்பதாவதுக்குப் போகிறாள், அது ஒன்றுதான் துணை.

கோடை விடுமுறை முழுக்க எனக்கு அந்த நினைப்புதான். ஒரு பொருளும் விட்டுப் போகக் கூடாது என்று நாள் காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் லிஸ்ட் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். யூனிபார்ம் ரெண்டு செட். ஷூ. சாக்ஸ். பை. ஜாமெட்ரி பாக்ஸ். தண்ணி பாட்டில். பிரவுன் தாள். லேபிள். பச்சை ரிப்பன். டி.சி. நகல். போட்டோ மூன்று. ஒவ்வொன்றாக வாங்க வாங்க அதில் டிக் அடித்துக்கொண்டே வருவோம். எல்லாவற்றையும் நல்ல நேரம் பார்த்துத்தான் வாங்கினேன். நோட்டுகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்கு முன்னால் ஒருநாள் வைத்திருந்து, பிறகுதான் அட்டை போட உட்கார்ந்தோம்.

லேபிளில் அவள் பெயரும் வகுப்பும் எழுதினாள். நான் ஒவ்வொன்றின் அடியிலும் என் போன் நம்பரை எழுதினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரும்மா லேபிள்ல போன் நம்பர் எழுதுவா? நோட்டு என்ன ஆட்டுக்குட்டியா, காணாமப் போறதுக்கு?"

எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் என்று பன்னிரண்டு நோட்டிலும் எழுதினேன்.

அட்மிஷனுக்குப் போனபோது அங்கிருந்த டீச்சர், ஆறாவதிலிருந்து ரெட்டைச் சடை போட்டு, மடித்து, பச்சை ரிப்பன் கட்டி வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து என் மகள் கண்ணாடி முன்னால் நின்று சடையை மடித்து மடித்துப் பார்ப்பாள். மூணாவது படிக்கிற வரைக்கும் அவளுக்குக் கிராப்புதான் வெட்டிவிட்டிருந்தேன். ரெண்டு வருஷமாக ஆசையாக வளர்த்த முடி. மடித்தால் காது மடல் வரைக்கும்தான் வரும், ஆனாலும் வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். ரிப்பனைக் கடையில் அவளே தேடி எடுத்தாள். வழவழவென்று இருப்பது வேண்டாம், முடிச்சு நழுவிவிடும் என்று சொல்லி வேறு ஒன்றை எடுத்தாள். இவ்வளவும் என் கண் முன்னால்தான் நடந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி அந்த நேர்த்திக்கடனைச் சொல்லவேண்டும்.

அதற்கு முந்தின கார்த்திகையில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். ரத்தத்தில் ஏதோ அணுக்கள் குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். காலையில் ஒரு கணக்கு, சாயங்காலம் ஒரு கணக்கு, ஒவ்வொரு தடவையும் போன தடவையை விடக் கம்மி. ஐந்தாம் நாள் அவள் என்னை அடையாளம் தெரியாதது மாதிரி பார்த்தாள். அப்போதுதான் வார்டுக்கு வெளியே தூணில் சாய்ந்துகொண்டு விராலிமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "முருகா, எம்புள்ளையை நடக்க வச்சு வீட்டுக்கு அனுப்பு. ஒன் மலைக்குக் கூட்டிட்டு வந்து அவ முடியை இறக்குறேன்."

மறுநாள் கணக்கு ஏற ஆரம்பித்தது. டாக்டர்களும் நர்சுகளும் பாடுபட்டார்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் என் மனசுக்கு முருகன் பதில் சொன்னதாகத்தான் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அரையாண்டுப் பரீட்சை, பொங்கல், அறுவடை, முழுப் பரீட்சை என்று தள்ளிக்கொண்டே போனது. விடுமுறையிலும் அட்மிஷன் அலைச்சல். பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது, வெயில் அதிகமாக இருப்பதால் திறப்பை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடனைத் தீர்க்க முருகனே நாள் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவளிடம் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"காலாண்டு லீவுல போலாமாம்மா?"

"சாமிகிட்ட போயி நாளு தள்ளிப் போடுவாங்களா?" என்றேன்.

அவள் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுகிறது, ஒருதடவை எடுத்தால் அடர்த்தியாக வரும் என்று வேறு சொன்னேன். வீட்டுக்காரரும் போனில், புதுப் பள்ளிக்கூடம் போகிறாளே, கொஞ்சம் பொறுக்கலாமே என்று இழுத்தார். அவருக்கும் அதே பதில்தான். நேர்ந்தது நான், எனக்குத்தான் தெரியும் என்கிற எண்ணம் எனக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் விராலிமலைக்குப் போனோம். முடி இறக்குகிற இடத்தில் கூட்டம் அதிகமில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். நாவிதர் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். என் மகளைப் பலகையில் உட்கார வைத்து, குவளையில் தண்ணீர் எடுத்தார். எடுத்துக்கொண்டே, எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான், என்னிடம் கேட்டார்.

"பூமுடியா, முழு முடியா?"

பூமுடி என்றால் மூன்று இடத்தில் நுனி முடியைக் கத்தரித்துச் சாமிக்குக் கொடுப்பது. பெரிய பெண்பிள்ளைகளும் கல்யாணமான பெண்களும் அப்படிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். கல்யாணமான புதிதில் நானே அங்கே பூமுடி கொடுத்திருக்கிறேன். முருகன் அதைக் குறைவாக நினைத்தான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவர் கேட்டவுடன் என் மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.  பார்த்தாள், அவ்வளவுதான். நான் அவளைப் பார்க்காமல் நாவிதரைப் பார்த்துச் சொன்னேன்.

"முழுசா எடுத்துருங்கண்ணே."

அவர் கையில் குவளையோடு ஒரு நிமிஷம் நின்றார். "பாப்பா ஸ்கூலுக்குப் போகணும்ல?" என்றார்.

"முடிதானே, வளந்துரும்."

அவள் அழவில்லை. ரெண்டு கையாலும் ரெண்டு காதையும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் குளிக்க வைத்து, தலை நிறையச் சந்தனம் பூசினேன். மலை ஏறி சந்நிதியில் நின்றபோது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. கடன் தீர்ந்த நிம்மதி. அவளும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், என் முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு வெயில் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தார்கள். நானே கொண்டுபோய் விடுவதாகத்தான் இருந்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் பசுமாடு கன்று போடுகிற நிலையில் கட்டுத்தறியில் நிலைகொள்ளாமல் நின்றது. விட்டுப் போக முடியாது. எதிர்வீட்டுப் பெண்ணே பத்திரமாகக் கூட்டிப் போகிறேன் என்றாள். மகளுக்கு யூனிபார்ம் போட்டு, விபூதி பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நிற்க வைத்தேன். லிஸ்டை ஒருதடவை வாய்விட்டுப் படித்தேன், அவள் பைக்குள் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "இருக்கு, இருக்கு" என்றாள்.

கிளம்புகிற நேரத்தில், "தலையில துப்பட்டா போட்டுக்கவாம்மா?" என்று கேட்டாள்.

"சாமிக்குக் குடுத்ததை எதுக்கு மறைக்கணும்?" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

பத்தேகால் மணி இருக்கும். கன்று பிறந்து நல்லபடியாக எழுந்து நின்றுவிட்டது. கை கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வகுப்பு டீச்சர் பேசினார். மகள் ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

எனக்கு முதலில் அவர் சொன்னது விளங்கவே இல்லை. எட்டு மணி பஸ்ஸுக்கே அனுப்பிவிட்டேனே என்றேன். டீச்சர் எதிர்வீட்டுப் பெண்ணை வகுப்பிலிருந்து கூப்பிட்டு விசாரித்துவிட்டு மறுபடி பேசினார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் மகள், ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது, கட்டிவிட்டு வருகிறேன், நீ முன்னால் போ அக்கா என்றிருக்கிறாள். கூட்டத்தில் அந்தப் பெண் நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வேறு பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டாள் என்று நினைத்துவிட்டதாம். அதுவும் சின்னப் பெண்தானே, அதன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை.

என் மகளின் ஷூவுக்கு லேஸே கிடையாது. ஒட்டுகிற பட்டிதான். அதை நினைத்ததும்தான், அவள் தொலைந்து போகவில்லை, வேண்டுமென்றே நின்றிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. எதற்காக நின்றாள் என்பதும் அதே நொடியில் விளங்கிவிட்டது.

செருப்புப் போட்ட ஞாபகம் இல்லை. மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். புதுக்கோட்டை பஸ் வர எத்தனை நேரமானதோ, எனக்கு ஒரு யுகம். பஸ்ஸில் ஏறி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்ட் எப்படிப்பட்ட இடம்! திருச்சி பஸ், மதுரை பஸ், தஞ்சாவூர் பஸ் என்று எதிலாவது ஏறிவிட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்? பதினோரு வயசுப் பெண்பிள்ளை. நினைக்கக் கூடாததெல்லாம் நினைப்பு வந்தது. உயிரை வாங்காமல் சாமி திருப்பிக் கொடுத்த பிள்ளையை நானே தொலைத்துவிட்டேனே என்று ஒரு பக்கம். நேர்ந்ததைச் சரியாகச் செய்தவளுக்கு இப்படி ஒரு சோதனையா என்று இன்னொரு பக்கம். சொன்னால் வெட்கம், இந்த ரெண்டாவது நினைப்புதான் அப்போது பெரிதாக இருந்தது.

பாதி வழியில் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு பொம்பளைக் குரல்.

"ஒங்க புள்ள எங்கிட்டதான் இருக்கு. பதறாம வாங்க. பஸ் ஸ்டாண்டு உள்ள அன்னவாசல் பஸ் நிக்கும்ல, அதுக்கு எதுத்தாப்ல பூக்கடை. நோட்டுல நம்பரு இருந்துச்சு, அதான் அடிச்சேன்."

நான் பஸ்ஸுக்குள்ளேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

போய்ப் பார்த்தால் என் மகள் பூக்கூடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறாள். மடியில் நூல்கண்டு. தலையில் அந்தப் பூக்காரம்மாவின் பழைய துண்டு. பை பக்கத்தில். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பூவைக் கீழே வைத்தாள். வந்த பயமெல்லாம் எனக்குக் கோபமாக மாறிவிட்டது. கையை ஓங்கிவிட்டேன்.

பூக்கார அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கைய எறக்குங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க" என்று சொம்பை நீட்டினார். அந்தக் குரலுக்கு என் கை தானாக இறங்கியது.

அவருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். காலையிலிருந்தே இவளைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு பெஞ்சில் உட்காருவதும், யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் வந்தால் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போவதுமாக, பையைத் தலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு ஆள் வந்து பாப்பா எங்கே போகணும் என்று கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் இந்த அக்கா சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார், சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி: "ஆத்தா, அங்க என்ன செய்யிற, இங்கிட்டு வந்து இந்த நூலைப் புடி." அந்த ஆள் எழுந்து போய்விட்டான். அவன் யாரோ, நல்லவனோ கெட்டவனோ, எனக்குத் தெரியாது. 

அக்கா அவளிடம் ஒன்றும் துருவவில்லையாம். பூவைக் கொடுத்து, ரெண்டு மல்லிக்கு நடுவே ஒரு கனகாம்பரம் வைத்துக் கட்டு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அரை முழம் கட்டியதும் இவளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பிறகுதான் அக்கா நோட்டைக் கேட்டு நம்பரைப் பார்த்திருக்கிறார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒருவருக்குப் பூ அளந்து கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"சாமிக்கு நேந்தது தப்புன்னு நான் சொல்ல வரல. பாதிப் பூ எனக்குச் சாமிக்குத்தான் விக்கிது. புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லிருவா, அதான்..." என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது.  அக்கா அடுத்த ஆளுக்கு முழம் போட ஆரம்பித்துவிட்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் மகளின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முன் பக்க ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே பிரிக்காத கவரோடு பச்சை ரிப்பன்.

"இதை எதுக்குடி எடுத்துட்டு வந்த?"

"லிஸ்ட்ல இருந்துச்சும்மா. ஒன்னும் விட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னீல்ல."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை அவள். உள்ளபடியே சொன்னாள். நான் படித்தேன், அவள் "இருக்கு" என்றாள். காலையில் லிஸ்டில் அந்த வரியைப் படித்தபோதுகூட எனக்கு நாக்குத் தடுக்கவில்லையே! மொட்டைத் தலையோடு என் முன்னால் நின்ற பிள்ளையிடம் "பச்சை ரிப்பன்" என்று படித்து, "இருக்கு" என்று அவள் சொன்னதும் அடுத்ததுக்குப் போயிருக்கிறேன். அங்கே, அந்தச் சத்தத்துக்கு நடுவில், அவளைத் தலைத் துண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அப்போதுதான் அழுதாள். மலையில் அழாத அழுகை.

அழுது முடித்ததும் நான் கேட்டேன். கேட்கும்போது எனக்கே அது புதிதாக இருந்தது.

"இப்ப என்ன செய்யலாம்? நீ சொல்லு. வீட்டுக்குப் போலாமா? ஒரு வாரம் கழிச்சுப் போறியா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அன்னவாசல் பஸ் ஒன்று வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனது.  அவ்வளவு நேரம் அவள் பதிலுக்கு நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கே போறேன். நீ கிளாஸ் வரைக்கும் வா. நீ வந்து சொல்லு."

"என்னன்னு சொல்லணும்?"

"நீதான் எடுத்தன்னு. எல்லாரும் கேப்பாங்கம்மா. ஒவ்வொருத்தருக்கா என்னால சொல்ல முடியாது."

இதைவிட மலையை அங்கப்பிரதட்சணமாகச் சுற்றிவரச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீச்சர் முன்னால் நின்று பேசுவதென்றாலே எனக்குப் பயம். அட்மிஷன் அன்றைக்கே கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினேன். ஆனால் அவள் கேட்டது அதுதான். சரி என்றேன்.

கிளம்பும்போது அக்கா, மகள் தொடுத்த பூவை வாழை இலையில் சுருட்டி அவள் பைக்குள் வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "அவ கட்டுனது அவளுக்கு. சாயங்காலம் வீட்டுல முருகனுக்குப் போடட்டும்" என்றார். துண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மகள் கொஞ்சம் யோசித்து அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் போனபோது மதிய இடைவேளைக்கு இன்னும் ஒரு பீரியட் இருந்தது. வகுப்பு வாசலில் நின்றதும் பழக்கதோஷம், கோவில் நினைப்பில் செருப்பைக் கழற்றப் போனேன். அப்போதுதான் காலில் செருப்பே இல்லை என்பதைக் கவனித்தேன். டீச்சர் என்னைவிடச் சின்னவர். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் மகளைப் பார்த்ததும், "வந்துட்டியா, நல்லது" என்று மட்டும்தான் சொன்னார். பிள்ளைகளுக்கு முன்னால் ரெண்டு வார்த்தை சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். உள்ளே வாங்க என்றார்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும். எல்லார் தலையிலும் மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. எங்கே பார்த்தாலும் பச்சை ரிப்பன். என் மகள் என் கையைப் பிடித்திருந்தாள், அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.  என்ன சொன்னேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. இவளுக்கு ரொம்ப முடியாமல் இருந்தது, நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன், அதற்காக முடியை எடுத்தேன் என்று சொல்லியிருப்பேன். கடைசியில் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இவ வேண்டிக்கல. நான்தான் வேண்டிக்கிட்டேன். இவளை ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டேன். கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க, அவகிட்ட கேக்காதீங்க."

  அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது.

"டீச்சர், எனக்கும் போன வருசம் சமயபுரத்துல எடுத்தாங்க. என்னையும் கேக்கவே இல்ல."

அதற்குப் பக்கத்துப் பிள்ளை, இவளுக்குத் தீபாவளிக்கே சடை வந்துவிட்டது என்று சாட்சி சொன்னது. பின்னாலிருந்து ஒன்று, எங்க அண்ணனுக்கு மூணு தடவை போட்டாங்க, அவன் இப்ப காலேஜ் போறான் என்றது. என்ன சம்பந்தமோ, எல்லாரும் சிரித்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஒரு குட்டிப் பெண் மெதுவாக, "தொட்டுப் பாக்கலாமா?" என்று என் மகளிடம் கேட்டது.

என் மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு தடவைதான்," என்றாள்.

என் கையை விட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நாலு மணி வரைக்கும் இருந்தேன். போகச் சொன்னார்கள், எனக்குப் போக மனசில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றும்போது அவளே அந்தப் பூவை எடுத்து முருகன் படத்துக்குப் போட்டாள். பாதிப் பூ வாடியிருந்தது, நடுவில் ஒரு இடத்தில் முடிச்சு தளர்ந்து மல்லி உதிர்ந்து இருந்தது. கும்பிட்டுக்கொண்டே நான் நினைத்தேன், மலையில் கொடுத்தது நான் அவளிடமிருந்து எடுத்துக் கொடுத்தது, இதுதான் அவள் கொடுத்தது என்று. முருகனுக்கு அந்த வித்தியாசம் எனக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். அவன் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அந்தப் பூக்கடையை அங்கே வைத்திருக்க மாட்டான்.

தை மாதம் முடி கொஞ்சம் பிடிபடுகிற அளவுக்கு வந்தது. ஒருநாள் காலையில் சீப்பும் ரிப்பனும் எடுத்து வந்து என் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அதே கவர், அன்றைக்குத்தான் பிரித்தாள். கட்டிவிட்டதும் ரெண்டு சடையும் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைத்த மாதிரி மேலே நிமிர்ந்து நின்றது. கண்ணாடியில் பார்த்து அவளே சிரித்தாள்.

இப்போது அவள் ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போகப் போகிறாள். முடி இடுப்புக்கு வந்துவிட்டது. நான் இன்னமும் வேண்டிக்கொள்கிறேன், எப்படி வேண்டாமல் இருப்பது? ஆனால் வேண்டும்போது என் கால் நடப்பதாகவும் என் வயிறு விரதம் இருப்பதாகவும்தான் வேண்டுகிறேன். அவளுடையதைத் தருகிறேன் என்று சொல்வதில்லை. புதுக்கோட்டைக்குப் போனால் அந்த அக்காவிடம்தான் பூ வாங்குகிறேன். அவர் பெயரை இன்றுவரை கேட்டதில்லை, அவரும் அந்த நாளைப் பற்றி ஒருதடவையும் பேசியதில்லை. மகள் வந்தால் மட்டும் அவள் சடையை ஒருதடவை பார்த்துவிட்டு, ஒரு கண்ணி பூ கூடவே வைத்துக் கொடுப்பார்.

ஒவ்வொரு வருஷமும் விடுமுறை முடிகிறபோது நாள் காட்டித் தாளில் லிஸ்ட் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், லேபிளில் போன் நம்பரும் எழுதுகிறேன், இப்போது அவள் சிரிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் டிக் அடித்த பிறகு லிஸ்டில் இல்லாத ஒன்று பாக்கி இருக்கும். அவள் எதிரில் உட்கார்ந்து, "ஒனக்கு ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்பேன். அவள் வாய் திறக்கிற வரைக்கும் எழுந்திருக்காமல் இருப்பதுதான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நான் செய்கிற வேலைகளிலேயே கஷ்டமானதும் முக்கியமானதும் என்று இப்போது எனக்குத் தெரியும்.